பந்தய விபத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி: புரூக்லண்ட்ஸ் முதல் சில்வர்ஸ்டோன் வரை

1971 அக்டோபர் 24, இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் பந்தயத் தடம். ஜோ சிஃபர்ட்டின் பிஆர்எம் கார் சஸ்பென்ஷன் முறிந்து, தடத்தை விட்டு விலகி மோதியது. உடனே தீப்பிடித்தது. சிஃபர்ட் இறந்தார்.

இவ்வளவு மட்டும் படிக்கிற எவரும் மோதிய வேகத்தில் உயிர் போயிற்று என்றே எடுத்துக்கொள்வார்கள். பிரிட்டனின் ராயல் ஆட்டோமொபைல் கிளப் விசாரித்தபோது தெரியவந்தது வேறு. உயிர் போகிற அளவுக்கு மோதலில் அவருக்கு அடிபடவில்லை. புகையை மூச்சில் இழுத்ததுதான் சாவுக்குக் காரணம். தட ஓரத்துத் தீயணைப்பான்கள் வேலை செய்யவில்லை, தீயின் உக்கிரத்தில் யாராலும் நெருங்கவும் முடியவில்லை. அதன் பிறகு வந்த விதிகளைப் பாருங்கள்: காருக்குள்ளேயே தீயணைப்பான், ஹெல்மெட்டுக்குள் குழாய் வழியே காற்று. இரண்டுக்கும் சஸ்பென்ஷனோடு சம்பந்தமே இல்லை. விபத்தின் கடைசிக் கட்டத்தைப் பார்த்து எழுதிய விதிகள் அவை.

பிரிட்டிஷ் பந்தய வரலாற்றின் விபத்துகளைப் பற்றி எழுதவோ, காணொளி தயாரிக்கவோ, சும்மா புரிந்துகொள்ளவோ நினைப்பவர்கள் முதலில் பழக வேண்டியது இந்தப் பிரித்துப் பார்க்கும் வேலையைத்தான். ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி போடுங்கள். கார் கட்டுப்பாட்டை இழந்தது ஏன் என்பது முதல் பத்தி. எதில் மோதியது, எவ்வளவு தூரத்துக்குள் நின்றது என்பது இரண்டாவது. நின்ற பிறகு என்ன நடந்தது என்பது மூன்றாவது. எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஓர் அடையாளம் இடுங்கள்: படத்தில் நீங்களே பார்த்ததா, விசாரணையில் வந்ததா, நேரில் கண்டவர் சொன்னதா, யாரோ எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுதியதா. நான்காவது வகைதான் எண்ணிக்கையில் ஜெயிக்கும். அதை வைத்து ஒரு பத்தியையும் மூடிவிடாதீர்கள்.

இடம், ஆண்டு, ஓட்டத்தின் வகை

சில்வர்ஸ்டோன் என்று கண்டால், எந்த ஆண்டுச் சில்வர்ஸ்டோன் என்று கேளுங்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளமாக இருந்த இடம் அது. வளைவுகளின் பெயர்கள் அப்படியே நிற்க, வளைவுகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 1973-ல் ஒரு சுற்று 4.7 கி.மீ. சொச்சம், இன்று 5.891 கி.மீ. அன்று புறப்படும் கோடு வுட்கோட், காப்ஸ் என்ற இரண்டு வளைவுகளுக்கு நடுவே இருந்தது. 2011-ல் கிராண்ட் பிரி புதிய பிட் (பந்தயத்தின்போது அணிகள் கார்களைக் கவனிக்கும் இடம்) கட்டடத்துக்கு மாறியபோது கோடும் கிளப், ஏபி வளைவுகளுக்கு நடுவே போய்விட்டது. அதனால் 'முதல் வளைவு' என்றால் 1999-ல் காப்ஸ், 2022-ல் ஏபி. வெர்ஸ்டாப்பனும் ஹாமில்டனும் 2021-ல் முட்டிக்கொண்டது முதல் சுற்றில்தான், அதுவும் காப்ஸில்தான். ஆனால் இன்றைய கணக்கில் அது ஒன்பதாவது வளைவு. இதைக் கவனிக்காமல் 'புறப்பட்டதுமே முதல் வளைவில்' என்று எழுதியவர்கள் உண்டு.

வுட்கோட்டும் அப்படித்தான். 1973-ல் அது கால் எடுக்கவே யோசிக்கிற, வேகமான வலது வளைவு. 1975-ல் அங்கே சிக்கேன் (வேகத்தைக் குறைக்கப் போடும் இறுக்கமான இரட்டை வளைவு) வந்துவிட்டது. பிந்தைய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு 1973-ல் அங்கே நடந்த தொடர் மோதலை (பின்னால் வருகிறது) தேடினால், கார் ஏன் அவ்வளவு வேகத்தில் வந்தது என்பதே விளங்காது. ஏபியில் 1994-ல் சிக்கேன் போட்டார்கள், பின்னர் அதுவும் போனது.

புரூக்லண்ட்ஸுக்கு 1939-க்கு முந்தைய வரைபடம் வேண்டும். 1907-ல் வேபிரிட்ஜ் அருகே திறந்த இந்தத் தடம் கான்கிரீட்டில் போட்டது. வெளிச்சுற்று ஏறத்தாழ 2.75 மைல், சாய்வுச் சுவர்கள் ஏறக்குறைய 30 அடி உயரம். 1932 செப்டம்பரில் 500 மைல் பந்தயத்தில் கிளைவ் டன்ஃபீ ஓட்டிய பென்ட்லி, மெம்பர்ஸ் சாய்வின் உச்சியைத் தாண்டி வெளியே போய்விட்டது. சாய்வு எவ்வளவு உயரம், உச்சியில் விளிம்பு எப்படி இருந்தது என்று தெரியாமல் 'தடத்தை விட்டு விலகினார்' என்று எழுதினால் வாசகர் மனத்தில் புல்தரைதான் வரும்.

அடுத்து ஓட்டத்தின் வகை. பந்தயமா, தகுதிச் சுற்றா, பயிற்சியா, தனிச் சோதனை ஓட்டமா? புரூஸ் மெக்லாரன் 1970 ஜூன் 2-ல் குட்வுட் தடத்தில் இறந்தது சோதனை ஓட்டத்தில். குட்வுட்டில் பந்தயம் 1966-லேயே நின்றுபோயிருந்தது, சோதனைகள் மட்டும் நடந்துவந்தன. ஆகவே அதற்குப் பந்தய முடிவுப் பட்டியல் தேடுவதில் பயனில்லை. பெட்ரோ லாமியின் 1994 விபத்தும் சோதனையில்தான். டேவிட் பர்லியின் விபத்து 1977 கிராண்ட் பிரிக்கு முந்தைய தகுதித் தேர்வில். சோதனைக்குத் தொலைக்காட்சிக் கேமராக்கள் வருவதில்லை. அங்கே நடந்தவற்றுக்குப் படத்தைவிட உடைந்த பாகங்களும் காயங்களின் விவரமும்தான் சாட்சி.

வேகங்கள் பெரும்பாலும் மைலில் இருக்கும். மணிக்கு மைலை 0.447-ஆல் பெருக்கினால் நொடிக்கு மீட்டர், 1.609-ஆல் பெருக்கினால் மணிக்குக் கி.மீ. சராசரியையும் அந்தக் கணத்து வேகத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெர்சி லாம்பர்ட் 1913 பிப்ரவரியில் ஒரு மணி நேரத்தில் 103 மைலுக்கு மேல் ஓடி, ஒரு மணி நேரத்துக்குள் நூறு மைல் தூரத்தைக் கடந்த முதல் ஆளானார். அது சராசரி. அதே ஆண்டு அக்டோபர் 31-ல் புரூக்லண்ட்ஸில் பின்டயர் சிதறி அவர் இறந்தபோது இருந்த வேகம் என்று அதே எண்ணை எடுத்து ஒட்டுவது தவறு.

படத்தில் பார்த்து வேகம் கணிப்பது

பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பதிவு நொடிக்கு 25 சட்டங்கள் (ஃபிரேம்கள்). ஒரு சட்டம் 0.04 நொடி. காரின் முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்தான் உங்கள் அளவுகோல். 1970-களின் ஃபார்முலா 1 காருக்கு அது ஏறத்தாழ 2.5 மீட்டர். ஒரு சட்டத்துக்கு ஓர் அச்சுத் தூரம் நகர்ந்தால் நொடிக்கு 62.5 மீட்டர், அதாவது மணிக்கு 225 கி.மீ. இந்த ஒரு எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

செய்முறை இது. பின்னணியில் அசையாத இரண்டு அடையாளங்களைப் பிடியுங்கள்: விளம்பரப் பலகையின் ஓரம், வேலிக் கம்பம், கெர்பின் (தட ஓரத்து வண்ணக் கட்டை) நிறம் மாறும் இடம். முன்சக்கரம் முதல் அடையாளத்தைத் தொடும் சட்டத்திலிருந்து இரண்டாவதைத் தொடும் சட்டம் வரை எண்ணுங்கள். பிறகு அந்த இரண்டு அடையாளங்களுக்கும் நடுவே எத்தனை அச்சுத் தூரம் என்று, கார் பக்கவாட்டில் தெரியும் சட்டத்தில் அளவெடுங்கள். கேமரா காரைத் தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருக்கும். அதனால் திரையில் கார் நகர்ந்த தூரத்தை அளந்தால் ஒன்றும் தேறாது, பின்னணியோடு ஒப்பிட்டுத்தான் அளக்க வேண்டும். குறைந்தது பத்து சட்டங்களாவது எடுங்கள். பத்தில் ஒரு சட்டம் பிசகினால் விடையில் பத்து சதவீதம் போய்விடும். மூன்று சட்டத்தில் கணக்குப் போட்டு மூன்று இலக்கத் துல்லியத்தில் வேகம் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கெடுவது எங்கே என்றால்:

- இணையத்தில் கிடைக்கும் பிரதி நொடிக்கு 30 சட்டமாக மாற்றப்பட்டிருக்கும். ஐந்து சட்டத்துக்கு ஒன்று இரட்டிப்பாகி ஆறாகியிருக்கும். ஒவ்வொன்றாக நகர்த்தும்போது அசையாமல் நிற்கும் சட்டத்தைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.
- மறுஒளிபரப்பின் மெதுவோட்டத்தில் நேரக் கணக்கே செல்லாது. எது எதைத் தொட்டது என்று பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.
- 24 சட்டத்தில் எடுத்த செய்திப்படம் தொலைக்காட்சிக்கு மாறும்போது 25-ல் ஓடும். எல்லாமே 4 சதவீதம் வேகமாகத் தெரியும்.
- கையால் சுழற்றிய ஊமைப்படக் கேமராவுக்கு நிலையான வேகமே கிடையாது. 1920-களின் புரூக்லண்ட்ஸ் படங்களை வைத்து வேகம் கணிக்க முயல வேண்டாம்.
- தொலைநோக்கு லென்ஸ் தூரத்தைச் சுருக்கும். ஒட்டி உரசுவதுபோல் தெரியும் இரண்டு கார்களுக்கு நடுவே இருபது மீட்டர் இருக்கலாம். தொட்டதா இல்லையா என்பதை முன்பக்கப் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

நிற்கும் தூரம்: ஒரு கணக்கை நெருக்கத்தில் பார்ப்போம்

இரண்டாவது பத்தியில் வேகத்தைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. அதைத்தான் பெரும்பாலும் யாரும் குறிப்பதில்லை: நின்ற தூரம்.

பர்லியின் விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1977, சில்வர்ஸ்டோன், எல்இசி கார். த்ராட்டில் (எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பெக்கெட்ஸ் வளைவில் நேராகப் போய் மோதினார். பதிவான எண்கள்: மணிக்கு 108 மைல் வேகத்திலிருந்து 26 அங்குலத்துக்குள் நின்றது, 179.8 ஜி (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம், 9.81). இந்த 179.8 எங்கிருந்து வந்தது என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

108-ஐ 0.447-ஆல் பெருக்க, நொடிக்கு 48.28 மீட்டர். அதன் வர்க்கம் ஏறத்தாழ 2331. 26 அங்குலம் என்பது 0.66 மீட்டர், அதன் இரண்டு மடங்கு 1.32. 2331-ஐ 1.32-ஆல் வகுத்தால் 1766. அதை 9.81-ஆல் வகுத்தால் 180 ஜி. எண் பொருந்துகிறது. ஆகவே இது எந்தக் கருவியும் அளந்தது அல்ல என்று ஊகிக்கலாம். வேகத்தையும் நசுங்கிய தூரத்தையும் வைத்துப் போட்ட கணக்கு.

நின்ற நேரம் எவ்வளவு? 1.32-ஐ 48.28-ஆல் வகுத்தால் 0.027 நொடி. தொலைக்காட்சியின் ஒரு சட்டமே 0.04 நொடி. அதாவது கேமராவே இருந்திருந்தாலும் அந்த மோதல் முழுவதும் ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் நடுவே முடிந்திருக்கும். ஒன்றில் ஓடும் கார், அடுத்ததில் நின்ற கார். மோதிய கணத்தின் ஜி-யைக் காணொளியிலிருந்து கணக்கிட்டேன் என்று எவராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இதில் இரண்டு எச்சரிக்கை. வேகம் ஒரே சீராகக் குறைந்தது என்று வைத்துக்கொண்டுதான் இந்தச் சூத்திரம் வேலை செய்கிறது. ஆகவே விடை சராசரி, உச்சம் அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். அடுத்தது, தூரத்தில் சிறு பிழையும் விடையைப் புரட்டிப் போடும். அந்த 66 செ.மீ. உண்மையில் 1 மீட்டராக இருந்திருந்தால் 180 ஜி, 119 ஜி ஆகிவிடும். ஒரு கை நீளத்துக்கும் குறைவான பிசகு, அறுபது ஜி வித்தியாசம். அதனால் அளவெடுத்தது நசுங்கிய முகப்பை மட்டுமா, தடுப்பு உள்வாங்கியதையும் சேர்த்தா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெர்ஸ்டாப்பனின் காப்ஸ் மோதலுக்கு அவருடைய அணி சொன்ன எண் 51 ஜி. அது காருக்குள் இருந்த கருவி பதிந்தது. 1997 முதல் ஃபார்முலா 1 கார்களில் விபத்துப் பதிவுக் கருவி இருக்கிறது. 180-ஐயும் 51-ஐயும் ஒரே பட்டியலில் மேலே கீழே வைத்து 'மூன்றரை மடங்கு பயங்கரம்' என்று எழுதாதீர்கள். ஒன்று கணக்கிட்ட சராசரி, மற்றது அளந்த உச்சம். பட்டியலிடும் ஆசை இந்தத் துறையில் நிறைய பேரைக் கெடுத்திருக்கிறது.

முறிந்தது காரணமா, விளைவா

மோதிய காரில் பத்துப் பாகங்கள் உடைந்து கிடக்கும். அவற்றில் ஒன்பது மோதியதால் உடைந்தவை. கண்ணில் முதலில் படுவதைக் காரணம் என்று சொல்லிவிடுவது மனித இயல்பு.

இதற்குப் பாடமாக வைக்க வேண்டியது பந்தயத்தில் நடந்ததல்ல, பக்கத்து வீட்டுச் சங்கதி: வேகச் சாதனை முயற்சி. 1927 மார்ச் 3, வேல்ஸின் பென்டைன் கடற்கரை. ஜே. ஜி. பாரி தாமஸ், 27 லிட்டர் விமான எஞ்சின் பூட்டிய 'பாப்ஸ்' காரில் இறந்தார். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குச் சக்தி போனது சங்கிலி வழியாக. சங்கிலி அறுந்து அவரைத் தாக்கியது என்று அன்றே கதை எழுந்து, நாற்பது ஆண்டுகள் அப்படியே நின்றது. காரை அங்கேயே மணலில் புதைத்துவிட்டார்கள். 1969-ல் ஓவன் வின் ஓவன் தோண்டி எடுத்துச் சீரமைத்தார். காரை நேரில் ஆராய வழி பிறந்தபின், பின்சக்கரம்தான் முதலில் நொறுங்கியிருக்க வேண்டும் என்ற கருத்து வலுத்தது. சங்கிலியும் உடைந்ததுதான், ஆனால் வரிசையில் முதலாவதாக அல்ல.

எனவே ஒவ்வொரு உடைந்த பாகத்துக்கும் ஒரே கேள்வி: இது போனால் கார் எப்படி நடந்துகொள்ளும், கார் அப்படி நடந்துகொண்டதா? பின்பக்க டவுன்ஃபோர்ஸ் (காரைத் தடத்தோடு அழுத்தும் காற்றின் விசை) போனால் பின்பகுதி வழுக்கிக் கார் சுழலும். மெக்லாரனின் எம்8டி லாவன்ட் நேர்தடத்தில் பின்பக்க மூடி கழன்று, அப்படித்தான் சுழன்று மார்ஷல்கள் (தட ஓரப் பாதுகாப்புப் பணியாளர்கள்) நிற்கும் மேடையில் மோதியது. லாமியின் லோட்டஸில் கழன்றது பின்இறக்கை. கார் வேலியைத் தாண்டிப் பார்வையாளர் நடக்கும் சுரங்கப் பாதையில் போய் விழுந்தது. த்ராட்டில் சிக்கினால் கார் சுழலாமல் நேராகப் போகும், எஞ்சின் சத்தம் குறையாது. பழைய படத்தில் ஒலி இருந்தால் முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

பிரேக் போனால்? 1999 ஜூலை 11, சில்வர்ஸ்டோன் ஸ்டோ வளைவு. ஷூமாக்கரின் ஃபெராரியில் பின்பிரேக் வேலை செய்யவில்லை. பிரேக் திரவக் குழாயின் காற்று நீக்கும் திருகு தளர்ந்திருந்ததுதான் காரணம். முன்பிரேக் மட்டும் பிடிக்க, முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. பூட்டிய முன்சக்கரம் திரும்பாது, அதனால் கார் நேராகச் சரளைப் படுகைக்குள் போனது. படுகை வேண்டிய அளவு வேகத்தைக் குறைக்கவில்லை. டயர் தடுப்பைத் தொட்டபோது மணிக்கு ஏறத்தாழ 107 கி.மீ. வலது கால் முறிந்து, ஆறு பந்தயங்கள் போயின. படத்தில் நீங்கள் பார்க்கக் கூடியது சக்கரப் புகை: முன்சக்கரத்தில் மட்டும் வருகிறதா, நான்கிலுமா? திருகைப் படம் காட்டாது. அது அணி வெளியிட்ட விவரம், ஓரத்து அடையாளத்தில் அப்படியே குறியுங்கள்.

பாகம் எதுவும் காரணமாகத் தெரியவில்லை என்றால் அந்தப் பத்தியைக் காலியாக விடத் துணிவு வேண்டும். 1962 ஏப்ரல் 23, குட்வுட், குளோவர் டிராஃபி. ஸ்டர்லிங் மாஸின் லோட்டஸ், கிரஹாம் ஹில்லைத் தாண்டும் முயற்சியில் செயின்ட் மேரிஸ் அருகே புல்லில் ஓடி மண்மேட்டில் மோதியது. ஒரு மாதம் நினைவில்லை. உடலின் ஒரு பக்கம் ஆறு மாதம் செயலற்றிருந்தது. மாஸுக்கே அந்தக் கணங்கள் கடைசிவரை நினைவுக்கு வரவில்லை. அறுபது ஆண்டுகளாகப் பலரும் பலதையும் சொல்லிவிட்டார்கள். எதையும் முதல் பத்தியில் ஏற்றாதீர்கள்.

மழைக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ஒரே இடத்தில், ஓரிரு நிமிடத்துக்குள், தொடர்பில்லாத பல கார்கள் வழுக்கி வெளியேறினால் காரணம் தடத்தில் இருக்கிறது. 1975 பிரிட்டிஷ் கிராண்ட் பிரியில் கிளப் வளைவில் நடந்தது அதுதான். தண்ணீர்ப் படலத்தின் மேல் டயர் மிதந்துவிட்டால் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் அலங்காரத்துக்குத்தான்.

கார்கள் முட்டிக்கொண்டால்

பழி யாருக்கு என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் எந்தச் சக்கரம் எந்தச் சக்கரத்தைத் தொட்டது என்று எழுதுங்கள். 2021 காப்ஸில் ஹாமில்டனின் இடது முன்சக்கரம், வெர்ஸ்டாப்பனின் வலது பின்சக்கரம். சக்கரம் வெளியே தெரியும் கார்களில் இது வெறும் விவரமல்ல. பின்னாலிருந்து வரும் முன்சக்கரம், முன்னால் சுழலும் பின்சக்கரத்தின் மேல் ஏறினால் கார் காற்றில் எழும்பும். 1976-ல் பிராண்ட்ஸ் ஹேட்ச் பேடக் ஹில் வளைவில் லாடாவும் ரெகாசோனியும் உரச, ஹன்ட்டின் மெக்லாரன் அப்படித்தான் துள்ளி விழுந்தது.

முதல் தொடுகையிலிருந்து எண் இட்டு வரிசையாக எழுதுவது நல்லது. 1973 சில்வர்ஸ்டோனை எழுதிப் பார்த்தால்: ஒன்று, முதல் சுற்று முடியும் தறுவாயில் நான்காவதாக வந்த ஷெக்டர் வுட்கோட்டில் அகலமாகப் போய் இடப்பக்கப் புல்லைத் தொட்டார். இரண்டு, கார் சுழன்று தடத்தைக் குறுக்கே கடந்து பிட் சுவரில் மோதியது. மூன்று, துள்ளித் தடத்தின் நடுவுக்கே திரும்பியது. நான்கு, மொத்தக் கூட்டமும் அதன் மேல் வந்தது. சர்ட்டீஸ் அணியின் மூன்று கார்களும் காலி. ஷெக்டரின் பிழை ஒன்றாவது எண்ணோடு முடிந்துவிட்டது. மூன்றாவது எண்ணுக்குப் பொறுப்பு, வேகமான வளைவின் வாயில் இருந்த சுவர். சிக்கேன் வந்தது அதற்காக.

நின்ற பிறகு

அதே 1973 விபத்தில் ஆண்ட்ரியா டி அடாமிச் காலில் எலும்பு முறிந்து, நசுங்கிய பிராபம் காருக்குள் நெடுநேரம் சிக்கியிருந்தார். அவருடைய ஃபார்முலா 1 வாழ்க்கை அங்கேயே முடிந்தது. தீப்பிடிக்கவில்லை என்பதுதான் அவருக்கும் சிஃபர்ட்டுக்கும் உள்ள வேறுபாடு. மூன்றாவது பத்தியில் எழுத வேண்டியவை இவை: தீ பிடித்ததா, எத்தனை நிமிடத்தில் ஆள் வெளியே வந்தார், மார்ஷல்கள் கையில் என்ன இருந்தது, காலா தலையா எது சிக்கியிருந்தது. கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. 1986-ல் பிராண்ட்ஸ் ஹேட்சில் புறப்பட்ட உடனே நடந்த மோதலில் ஜாக் லாஃபிட்டின் இரு கால்களும் முறிந்தன. 1988-ல் அதே தடத்தில், ஃபார்முலா 3000 பந்தயத்தில், ஃபோய்டெக்கோடு உரசி ஜானி ஹெர்பர்ட்டின் கணுக்கால்கள் நொறுங்கின. அந்தக் காலத்துக் கார்களில் ஓட்டுநரின் பாதம் இருந்த இடத்தைப் படத்தில் பாருங்கள், முன்அச்சுக்கு வெகு அருகே அல்லது அதற்கும் முன்னால் இருக்கும். பாதம் முன்அச்சுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்ற ஃபார்முலா 1 விதி 1988-ல் வந்தது.

விதியை விபத்தோடு முடிச்சுப் போடும்போது ஆண்டுகளைச் சரிபாருங்கள், பந்தயப் பிரிவையும்தான். 2009-ல் பிராண்ட்ஸ் ஹேட்ச் ஃபார்முலா 2 பந்தயத்தில், வேறொரு காரிலிருந்து கழன்று உருண்ட சக்கரம் தலையில் பட்டு ஹென்றி சர்ட்டீஸ் இறந்தார். ஹேலோ (ஓட்டுநரின் தலையைக் காக்கும் வளையச் சட்டகம்) ஃபார்முலா 1-ல் கட்டாயமானது 2018-ல். நடுவே வேறு நாடுகளில் வேறு விபத்துகளும் பல ஆண்டுச் சோதனைகளும் இருக்கின்றன. 'இதனால்தான் அது' என்று ஒரே கோடு இழுத்தால் அது வரலாறாகாது.

முடிவுப் பட்டியலை நம்பி விபத்தைத் தேடுவதும் ஆபத்து. சிவப்புக் கொடி காட்டினால் முந்தைய சுற்றின் நிலவரத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கத்தால், விபத்தில் சிக்கியவர் பெயர் மேலேயே இருக்கும். 1975-ல் ஃபிட்டிபால்டிக்கு அடுத்து இரண்டாவது பேஸ், மூன்றாவது ஷெக்டர் என்று பட்டியல் சொல்லும். இருவருமே அந்த மழையில் மோதி நின்றவர்கள். 1991 ஜூலையில் ஓல்டன் பார்க்கின் நிக்கர்புரூக்கில் சஸ்பென்ஷன் முறிந்து இறந்த பால் வார்விக், அந்தப் பந்தயத்தின் வெற்றியாளராகவே பதிவானார். 1976 பட்டியலில் லாடா முதலிடம். கோட்டை முதலில் கடந்தவர் ஹன்ட். கொடி காட்டியபோது அவர் தடத்தில் முழுச் சுற்றை முடிக்கவில்லை என்று மேல்முறையீட்டில் பறித்தார்கள். அதுவும் இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில். பந்தயத்துக்கு மறுநாள் செய்தியையும் ஆண்டு முடிவுப் பட்டியலையும் இரண்டையும் பாருங்கள்.

நிரப்பிய தாள் ஒன்று

2022 ஜூலை 3, சில்வர்ஸ்டோன், பந்தயம், முதல் சுற்று, ஏபி நோக்கிய ஓட்டம், ஜோ குவான்யூ, ஆல்ஃபா ரோமியோ.

முதல் பத்தி: காஸ்லி, ரஸ்ஸல், ஜோ மூவரும் அடுத்தடுத்து. காஸ்லியும் ரஸ்ஸலும் தொட, ரஸ்ஸலின் கார் திரும்பி ஜோவின் மேல் பட்டது, ஜோவின் கார் கவிழ்ந்தது. பாகக் கோளாறு இல்லை. அடையாளம்: படம்.

இரண்டாம் பத்தி: தலைக்குப் பின்னால் உள்ள ரோல் ஹூப் தார்த்தடத்தில் உரசி உடைந்தது, ஹேலோ தாங்கியது. கவிழ்ந்த கார் நெடுந்தூரம் சறுக்கியது. சக்கரம் தரையில் இல்லாததால் பிரேக் என்ற பேச்சுக்கே இடமில்லை, உரசல் மட்டுமே வேகத்தைக் குறைத்தது. சரளையில் விளிம்பு குத்தி உருண்டது, டயர் தடுப்பைத் தாண்டி எழும்பியது, வலைவேலியில் மோதியது. நின்ற தூரம் என்று ஒற்றை எண் இங்கே கிடையாது, நான்கைந்து தவணையாக வேகம் செலவாகியிருக்கிறது. பர்லியின் சூத்திரத்தை இதற்குப் போடாதீர்கள். அடையாளம்: படம். ரோல் ஹூப் பற்றியது மட்டும் விசாரணை.

மூன்றாம் பத்தி: தடுப்புக்கும் வேலிக்கும் நடுவிலிருந்த ஒடுக்கமான இடைவெளியில் கார் செருகிக்கொண்டது. மீட்பவர்கள் போக வழி குறைவு. தீ இல்லை. ஜோ பெரிய காயமின்றி வெளியே வந்தார். 2023 விதியில் ரோல் ஹூப்பின் உச்சி உருண்டையாக இருக்க வேண்டும் என்று வந்தது, சோதனை விசையும் கூட்டப்பட்டது. தடுப்புக்கும் வேலிக்கும் இடையிலிருந்த அந்த இடைவெளியைத் தனி வரியாகக் குறியுங்கள். அது காரின் குறை அல்ல.